ரேபிட் டெஸ்டில் ஒரே ஒரு கோடு: 'நெகட்டிவ்' என்று நம்பலாமா?

பெங்களூருவில் ஒரு பிஜி, மழைக்காலம். உங்கள் ரூம்மேட்டுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல இருக்கிறது. ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாலையில் மொபைலுக்கு ரிப்போர்ட் வருகிறது: 'டெங்கு ஐஜிஎம், ரேபிட்: நெகட்டிவ்.' அப்பாடா என்று ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மறுநாள் காலை அவர் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தக் காட்சியில் யாரும் ஏமாற்றவில்லை. லேப் சரியாகத்தான் செய்தது, கிட்டும் வேலை செய்தது. ஆனாலும் ரூம்மேட்டுக்கு டெங்கு இருக்கலாம். ஏனென்றால் ஐஜிஎம் என்கிற ஆன்டிபாடியை நம் உடம்பு பொதுவாகக் காய்ச்சல் தொடங்கி நான்கு, ஐந்து நாள் ஆன பிறகுதான் கண்டுபிடிக்கும் அளவுக்கு உருவாக்குகிறது. இரண்டாம் நாளில் ரத்தத்தில் இல்லாத ஒன்றை எவ்வளவு நல்ல கிட்டும் காட்டாது.

'ரேபிட் டெஸ்டின் உணர்திறனைக் கூட்டிவிட்டோம்' என்ற செய்தி வரும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. கூட்டியது சரி, காய்ச்சலின் எந்த நாளில்?

முதலில் இரண்டு சொற்கள்

உணர்திறன், அதாவது சென்சிடிவிட்டி: நோய் உள்ள 100 பேரைப் பரிசோதித்தால் எத்தனை பேரை 'பாசிட்டிவ்' என்று பிடிக்கிறது? 80 பேரைப் பிடித்தால் உணர்திறன் 80%. மீதி 20 பேர் நழுவிவிட்டார்கள்.

தனித்தன்மை, அதாவது ஸ்பெசிஃபிசிட்டி: நோய் இல்லாத 100 பேரில் எத்தனை பேரை சரியாக 'நெகட்டிவ்' என்று சொல்கிறது? 98 பேர் என்றால் தனித்தன்மை 98%. மீதி இரண்டு பேருக்கு இல்லாத நோயை ஒட்டிவிட்டது.

இரண்டும் கிட்டின் பெட்டியில் அச்சடிக்கப்பட்டிருக்கும். மொபைலின் மெகாபிக்ஸல் போல மாறாத ஒரு குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் யாரிடம், எந்த நாளில், எந்த ரத்தத்தில் அளந்தோம் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். இதை இந்தியா ஒருமுறை கசப்பாகவே கற்றுக்கொண்டது.

2020 ஏப்ரலில் என்ன நடந்தது?

ஞாபகம் இருக்கிறதா? முதல் லாக்டவுன் நேரம். ஆர்டி-பிசிஆர் செய்ய லேப்கள் போதவில்லை. ஏப்ரல் நடுவில் சீனாவிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரேபிட் ஆன்டிபாடி கிட்கள் வந்து இறங்கின. விரலில் ஒரு குத்து, 15 நிமிடத்தில் ரிசல்ட். இனிமேல் வேகமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நாடு முழுக்க இருந்தது.

சில நாட்களிலேயே ராஜஸ்தான் கையைத் தூக்கிவிட்டது. ஏற்கெனவே ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ் ஆனவர்களிடம் இந்த கிட்டைப் போட்டுப் பார்த்தபோது 5.4% தான் சரியாக வந்தது என்றது அந்த மாநில அரசு. ஏப்ரல் 21 அன்று, இரண்டு நாள் இந்த கிட்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் சொன்னது. மாநிலங்களின் அனுபவத்தில் துல்லியம் 6 முதல் 71% வரை ஏறி இறங்குவதாகவும் தெரிவித்தது. ஏப்ரல் 27 அன்று, கிட்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் போனது. தமிழ்நாடும் தன்னிடம் இருந்த 24,000 கிட்களைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தது. குறைபாடு இல்லை என்று தயாரித்த நிறுவனங்கள் மறுத்தன.

இதற்குள் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கிட் 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது வெளியே வந்தது. ஜிஎஸ்டி உட்பட 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது நீதிமன்றம். டிவி விவாதங்கள் விலையையும் 'சீன சரக்கு' என்பதையும் சுற்றிச் சுற்றி வந்தன.

கேட்க வேண்டிய விவாதம்தான். ஆனால் அதில் இன்னொரு கேள்வி காணாமல் போய்விட்டது: ஒரு நல்ல கிட்டாக இருந்திருந்தாலும் அந்த வேலையைச் செய்திருக்குமா?

அதே ஆண்டு ஜூனில் காக்ரேன் அமைப்பு, உலகம் முழுக்க அதுவரை வந்திருந்த கோவிட் ஆன்டிபாடி ஆய்வுகளைத் தொகுத்தது. ஐஜிஎம், ஐஜிஜி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட்களின் சராசரி உணர்திறன் இப்படி இருந்தது:

- அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில்: 30.1%
- இரண்டாம் வாரத்தில்: 72.2%
- மூன்றாம் வாரத்தில்: 91.4%

ஒரே வகை டெஸ்ட், ஒரே வைரஸ். முதல் வாரத்தில் நூறு நோயாளிகள் வந்தால் 70 பேர் 'நெகட்டிவ்' என்று வீட்டுக்குப் போவார்கள். மூன்றாம் வாரத்தில் வந்தால் 9 பேர்தான் நழுவுவார்கள். இந்த மூன்று எண்களையும் ஒன்றாகக் கலந்து 'உணர்திறன் இவ்வளவு' என்று ஒரே எண்ணாகச் சொன்னால், அது யாருக்கும் பொருந்தாத எண்ணாகிவிடும்.

அந்த அட்டைக்குள் என்ன நடக்கிறது?

உணர்திறனைக் கூட்ட இன்ஜினீயர்கள் எங்கே கை வைக்கிறார்கள் என்று புரிய, பிளாஸ்டிக் அட்டைக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது ஒரு நீளமான காகிதப் பட்டை மாதிரிதான். நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. ஒரு முனையில் ரத்தத்தை விட்டு, இரண்டு மூன்று சொட்டு திரவம் ஊற்றினால், துணி தண்ணீரை உறிஞ்சுவது போல அது மறுமுனைக்கு ஓடும். வழியில் தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஆமாம், உண்மையான தங்கம். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவு. தலைமுடித் தடிமனில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்த அளவில் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். அந்தத் துகள்களின் மேல் வைரஸின் ஒரு பகுதியை, அதாவது ஆன்டிஜனை, ஒட்டி வைத்திருப்பார்கள்.

பட்டையின் நடுவே 'டி' கோடு. அங்கே மனித ஐஜிஎம் எதுவாக இருந்தாலும் பிடித்து நிறுத்தும் புரதம் பூசப்பட்டிருக்கும். டெங்கு ஐஜிஎம் அங்கே மாட்டினால், அதைத் தேடி வரும் தங்கத் துகள்களும் அங்கேயே தங்கும். ஆயிரக்கணக்கான துகள்கள் சேரும்போது சிவப்புக் கோடு நம் கண்ணுக்குத் தெரிகிறது.

பிரச்சினை எங்கே? நம் ரத்தத்தில் டெங்கு ஐஜிஎம் மட்டும் இல்லை. உடம்பு எதிர்கொண்ட எத்தனையோ கிருமிகளுக்கான ஐஜிஎம் அதில் மிதக்கிறது. 'டி' கோட்டில் இடம் குறைவு. கல்யாணப் பந்தியில் நூறு இலைதான் போட்டிருக்கிறார்கள், ஊரே உட்கார்ந்துவிட்டது, நாம் தேடும் சொந்தக்காரர் வருவதற்குள் பந்தி நிறைந்துவிட்டது என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். நோயின் ஆரம்ப நாட்களில், டெங்கு ஐஜிஎம் சொற்பமாக இருக்கும்போது, இந்த இட நெருக்கடி அதிகமாக அடிக்கும்.

பக்கத்தில் இருக்கும் 'சி' கோடு பற்றியும் ஒரு வார்த்தை. அது வந்துவிட்டால் 'கிட் நன்றாக வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொள்கிறோம். திரவம் ஒழுங்காக ஓடியது, தங்கத் துகள்கள் நகர்ந்தன என்பதற்குத்தான் அது சாட்சி. கிட்டில் உள்ள ஆன்டிஜன் கோடை வெயிலில் லாரியிலேயே கெட்டுப்போயிருந்தாலும் 'சி' கோடு வரக்கூடும். பல கிட்களின் மேல் 30 டிகிரி செல்சியஸ் வரைதான் வைக்கலாம் என்று போட்டிருக்கும். நாக்பூரில் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

உணர்திறனைக் கூட்ட என்ன வழிகள்?

ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

ஒன்று, பிடிக்கும் முறையை மாற்றுவது. ஒரு ஆன்டிபாடிக்குக் குறைந்தது இரண்டு கைகள் உண்டு. ஐஜிஎம்முக்குப் பத்து. 'டி' கோட்டிலும் வைரஸ் ஆன்டிஜன், தங்கத் துகளிலும் வைரஸ் ஆன்டிஜன் என்று வைத்துவிட்டால், நாம் தேடும் ஆன்டிபாடி மட்டும் ஒரு கையால் கோட்டையும் இன்னொரு கையால் துகளையும் பிடித்துக்கொள்ளும். சம்பந்தமில்லாத கூட்டத்துக்குப் பந்தியில் இடமே இல்லை. உணர்திறன், தனித்தன்மை இரண்டுமே உயரும். விலை: பிடிபட்டது ஐஜிஎம்மா, ஐஜிஜியா என்று சொல்ல முடியாது.

இரண்டு, பாதையைப் பிரிப்பது. ரத்தம் ஒரு பட்டையில் வந்து 'டி' கோட்டில் முதலில் படியும். பிறகு தங்கத் துகள்கள் வேறொரு பட்டையில் வந்து அங்கே சேரும். வழியிலேயே வேண்டாதவற்றோடு ஒட்டித் துகள்கள் வீணாவது குறையும். விலை: இரண்டு கட்ட வேலை, அதிகச் செலவு, செய்பவர் தவறு செய்ய இன்னொரு வாய்ப்பு.

மூன்று, தூண்டிலை மாற்றுவது. வைரஸின் எந்தப் பகுதியை ஆன்டிஜனாக வைக்கிறோம் என்பது முக்கியம். டெங்குவில் நான்கு வகை வைரஸ் இருப்பதால் நான்குக்கும் தூண்டில் வேண்டும். அகலமாக வலை வீசினால் நிறைய பேர் மாட்டுவார்கள். ஆனால் டெங்குவின் உறவுக்கார வைரஸ்களான ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஆன்டிபாடிகளும் சேர்ந்து மாட்டும். கிழக்கு உத்தரப் பிரதேசம், பிகார், அசாம் போன்ற இடங்களில் இது சின்ன விஷயம் இல்லை.

நான்கு, கோட்டைப் பிரகாசமாக்குவது. பெரிய துகள்கள், தங்கத்தின் மேல் வெள்ளிப் பூச்சு, ஒளிரும் யூரோப்பியம் துகள்கள் எல்லாம் இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோட்டையும் ஒரு சின்ன ரீடர் கருவி படித்துவிடும். விலை: கருவி, மின்சாரம், பராமரிப்பு. விரல் குத்தி 15 நிமிடத்தில் எங்கேயும் செய்யலாம் என்ற வசதிதான் ரேபிட் டெஸ்டின் உயிர். அதில் கொஞ்சத்தை இங்கே விட்டுக்கொடுக்கிறோம்.

ஐந்து, ஆன்டிபாடியோடு ஆன்டிஜனையும் தேடுவது. டெங்குவில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும், பிறகு குறையும். ஐஜிஎம் பிறகு ஏறும். ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறுகிறது. இரண்டையும் ஒரே கிட்டில் பார்த்தால் நடுவில் இருக்கும் ஓட்டை அடைபடும்.

இந்த ஐந்தாவது வழிக்கு நல்ல சான்று இலங்கையிலிருந்து வந்தது. காய்ச்சலோடு வந்த நோயாளிகளின் மாதிரிகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், என்எஸ்1 மட்டும் பார்த்த ரேபிட் டெஸ்ட்கள் சுமார் 50 முதல் 60% பேரைப் பிடித்தன. ஐஜிஎம் மட்டும் பார்த்தவை சுமார் 70 முதல் 80%. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் சிறப்பாக வந்த கிட் 93% பேரைப் பிடித்தது. தங்கத்தையோ தூண்டிலையோ மாற்றாமல், என்ன தேடுகிறோம் என்பதை மாற்றியதாலேயே கிடைத்த முன்னேற்றம் இது. ஆனால் அந்த கிட்டின் தனித்தன்மை 89% தான். டெங்கு இல்லாத பத்துப் பேரில் ஒருவருக்கு டெங்கு என்று சொல்லும்.

தவறான பாசிட்டிவ் வந்தால் என்ன? பாதுகாப்புதானே?

நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

காய்ச்சலோடு 1,000 பேர் வருகிறார்கள். அதில் 100 பேருக்கு உண்மையில் டெங்கு. முதல் கிட்: உணர்திறன் 80%, தனித்தன்மை 98%. டெங்கு உள்ளவர்களில் 80 பேரைப் பிடிக்கும், 20 பேர் நழுவுவார்கள். டெங்கு இல்லாத 900 பேரில் 18 பேருக்குத் தவறான பாசிட்டிவ்.

இப்போது இன்னும் மெல்லிய கோட்டையும் பாசிட்டிவ் என்று எடுக்கும்படி கிட்டை மாற்றுகிறோம். உணர்திறன் 90% ஆகிறது, தனித்தன்மை 90% ஆகக் குறைகிறது. இனி 90 பேரைப் பிடிக்கும். நல்லது, கூடுதலாக 10 பேர் கிடைத்தார்கள். ஆனால் தவறான பாசிட்டிவ் 18-லிருந்து 90 ஆகிறது. கையில் உள்ள 180 பாசிட்டிவ் ரிப்போர்ட்டில் சரி பாதி தவறு. டாஸ் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

அந்த 90 பேருக்கும் காய்ச்சல் உண்மை. அவர்களில் சிலருக்கு மலேரியா, ஸ்க்ரப் டைஃபஸ், டைஃபாய்டு இருக்கலாம். மூன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு, தாமதித்தால் ஆபத்து. 'டெங்குதான்' என்ற ரிப்போர்ட் கையில் இருந்தால் அந்தத் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

நோய் அரிதாக இருக்கும் இடத்தில் இது இன்னும் மோசமாகும். 2020 மே, ஜூனில் ஐசிஎம்ஆர் நடத்திய முதல் தேசிய கோவிட் சீரோ சர்வேயில், பெரியவர்களில் 0.73% பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். பயன்படுத்தியது புனே என்ஐவி உருவாக்கிய எலைசா. அது லேப் டெஸ்ட், ரேபிட் கூட இல்லை. அதன் தனித்தன்மை 97.9%. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் உண்மையான தொற்று 7 பேருக்கு. தவறான பாசிட்டிவ் 21 பேருக்கு வரலாம். அதனால்தான் பாசிட்டிவ் வந்த மாதிரிகளை இன்னொரு எலைசாவில் மறுபடியும் சோதித்தார்கள்.

எச்ஐவியில் முடிந்தது, டெங்குவில் ஏன் கஷ்டம்?

ஆன்டிபாடி டெஸ்டின் உணர்திறனைக் கூட்டுவதில் பெரிய வெற்றிக் கதை எச்ஐவி. 1985-இல் முதல் ரத்தப் பரிசோதனை அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, தொற்று ஏற்பட்டு சுமார் இரண்டு மாதம் வரைகூட நெகட்டிவ் காட்டும் நிலை இருந்தது. பிறகு செயற்கையாகத் தயாரித்த சுத்தமான ஆன்டிஜன் வந்தது. மூன்றாம் தலைமுறையில், மேலே சொன்ன இரண்டு கைப்பிடி முறை வந்து, காத்திருப்பு சுமார் மூன்று வாரமாகக் குறைந்தது. நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட்கள் பி24 என்ற ஆன்டிஜனையும் சேர்த்துத் தேடுவதால் இன்னும் சில நாட்கள் குறைந்தன.

கூடவே ஒரு நடைமுறையும் வளர்ந்தது. இந்தியாவில் நேகோ வழிகாட்டுதல்படி, அறிகுறி இல்லாத ஒருவரை எச்ஐவி பாசிட்டிவ் என்று அறிவிக்க ஒரு டெஸ்ட் போதாது. வெவ்வேறு ஆன்டிஜன் அல்லது வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று டெஸ்ட்களிலும் பாசிட்டிவ் வர வேண்டும். முதல் டெஸ்ட் யாரையும் நழுவவிடாததாக இருக்கும். அடுத்த இரண்டும் தவறாக மாட்டியவர்களை விடுவிக்கும். ஒரே டெஸ்டின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றவில்லை.

இதையே டெங்குவுக்கும் செய்தால் என்ன? இங்கேதான் முடிச்சு. எச்ஐவி ஆன்டிபாடி இருக்கிறது என்றால், பெரியவர்களைப் பொறுத்தவரை தொற்று இருக்கிறது என்று பொருள். அது பழையதா, புதியதா என்ற கேள்வி இல்லை. டெங்குவில் அந்தக் கேள்விதான் எல்லாமே.

2017-18-இல் எடுத்த மாதிரிகளை வைத்து ஐசிஎம்ஆர் நடத்திய தேசிய ஆய்வில், 5 முதல் 45 வயது வரை உள்ளவர்களில் 48.7% பேருக்கு டெங்கு ஐஜிஜி இருந்தது. தென்னிந்தியாவில் 76.9%. வடகிழக்கில் 5% மட்டும். அதாவது தென்னிந்தியாவில் நான்கில் மூன்று பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்து போயிருக்கிறது, பலருக்குத் தெரியாமலே.

இப்போது ஐஜிஜியைத் துளி அளவு இருந்தாலும் பிடிக்கும் 'சூப்பர் சென்சிடிவ்' டெஸ்டைச் சென்னையிலோ பெங்களூருவிலோ விற்றால் என்ன ஆகும்? சாதாரண ஃப்ளூவோடு வந்த நான்கில் மூன்று பேருக்கு 'டி' கோடு வரும். அதனால்தான் சில டெங்கு கிட்களில் ஐஜிஜியின் வாசலை வேண்டுமென்றே உயரமாக வைக்கிறார்கள். இரண்டாவது முறை டெங்கு வந்தவர்களிடம் ஐஜிஜி திடீரென்று மிக அதிகமாக ஏறும். அந்த அளவு இருந்தால் மட்டும் கோடு வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாவது முறை டெங்கு வரும்போது ஐஜிஎம் குறைவாகவே உருவாகலாம், சிலரிடம் கண்டுபிடிக்கும் அளவுக்கு வராமலே போகலாம். என்எஸ்1-உம் சீக்கிரம் மறையலாம். கடுமையான டெங்கு வரும் ஆபத்து இரண்டாவது தொற்றில்தான் அதிகம். ஆக, யாரைக் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டுமோ, அவரிடம்தான் கிட் தடுமாறுகிறது.

அரசு என்ன சொல்கிறது?

2009-இல் வெளியான ஒரு சர்வதேச மதிப்பீட்டில், சந்தையில் இருந்த ஒன்பது டெங்கு ஐஜிஎம் கிட்களை ஒரே மாதிரித் தொகுப்பில் வைத்துப் பார்த்தார்கள். எலைசா, ரேபிட் இரண்டு வகையும் அதில் இருந்தன. உணர்திறன் 21 முதல் 99% வரை இருந்தது. தனித்தன்மை 77 முதல் 98% வரை. மலேரியா நோயாளிகளிடமும், முன்பு டெங்கு வந்து போனவர்களிடமும் தவறான பாசிட்டிவ் வந்தது.

இந்தியாவின் தேசிய டெங்கு வழிகாட்டுதல் இதனால்தான் கறாராக இருக்கிறது. முதல் நாளிலிருந்து என்எஸ்1 எலைசா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் எலைசா. ரேபிட் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் அது 'டெங்குவாக இருக்கலாம்' என்ற பட்டியலில்தான் சேரும், உறுதியான டெங்கு ஆகாது. நகராட்சி சொல்லும் டெங்கு எண்ணிக்கைக்கும் உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப் சொல்லும் எண்ணிக்கைக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எலைசா செய்ய லேப் வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும், சில மணி நேரம் வேண்டும். போதுமான மாதிரிகள் சேரட்டும் என்று லேப்கள் காத்திருப்பதும் உண்டு. சின்ன ஊர்களில் தனியார் கிளினிக் நம்புவது ரேபிட் டெஸ்டைத்தான். அதனால் 'ரேபிட் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நகர முடியாது. ரேபிட் டெஸ்டை நல்லதாக்குவது உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்?

டேட்டாவோடு வேலை செய்பவர்கள் ஒரு எண்ணைப் பார்த்ததும் அதன் பகுதி எண்ணைத் தேடுவார்கள். 'உணர்திறன் 100%' என்று ஒரு கிட் சொல்கிறது. 30 பேரைப் பரிசோதித்து 30 பேரும் பாசிட்டிவ் என்றால் அது 100% தான். ஆனால் புள்ளியியல்படி அதன் உண்மையான உணர்திறன் 88% ஆகக்கூட இருக்கலாம். 30 பேர் போதாது.

அடுத்தது, அந்த 30 பேர் யார்? மருத்துவமனையில் சேர்ந்து பத்து நாள் ஆனவர்களா? அவர்களிடம் ஆன்டிபாடி கொட்டிக் கிடக்கும். கண் பரிசோதனைப் பலகையில் மேல் வரிசையில் உள்ள பெரிய எழுத்தை மட்டும் படிக்கச் சொல்லிவிட்டு 'பார்வை நன்றாக இருக்கிறது' என்று சான்றிதழ் கொடுப்பது மாதிரி இது. பயன்படுத்தியது லேபில் பிரித்தெடுத்த சீரமா, விரல் நுனி ரத்தமா என்பதும் முக்கியம். விரல் ரத்தத்தில் அளவு குறையலாம், கோடு மங்கலாம்.

எனவே, ஒரு கிட் 'முன்னேறியிருக்கிறது' என்று சொல்ல நான்கு தகவல்கள் வெளியில் வர வேண்டும். காய்ச்சலின் எந்தெந்த நாளில் எவ்வளவு உணர்திறன்? முதல் முறை தொற்று, இரண்டாம் முறை தொற்று என்று பிரித்தால் எவ்வளவு? தயாரித்த நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத லேப் அளந்ததா? வந்து இறங்கும் ஒவ்வொரு லாட்டையும் யாராவது மறுபடி சோதிக்கிறார்களா? 2020-இல் வாங்குவதற்கு முன் முதல் கேள்விக்காவது பதில் கேட்டிருந்தால், முதல் வார நோயாளியைக் கண்டுபிடிக்க ஆன்டிபாடி கிட்டை நம்பியிருக்க மாட்டோம். அரசு கொள்முதல் டெண்டரில் இந்த நான்கையும் கட்டாயமாக்க புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

உங்களுக்கோ, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்றால்?

நாளை எண்ணுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை மொபைலில் குறித்துவைத்து டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். முதல் நான்கு, ஐந்து நாட்களில் டெங்கு சந்தேகம் என்றால் என்எஸ்1 பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். ஐஜிஎம் மட்டும் பார்த்து நெகட்டிவ் என்றால் அதை முடிவாக எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் 'ரேபிட்' என்று இருக்கிறதா, 'எலைசா' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பழைய தொற்றின் தடமாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நீங்களாக ஒதுக்கவும் வேண்டாம். டாக்டர் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கட்டும்.

டாக்டர் சொல்லாமல் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மூச்சு வேகமாவது, அதீத சோர்வு, நிலைகொள்ளாமல் தவிப்பது இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது கையில் இருப்பது எந்த ரிப்போர்ட் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அந்த பிஜி ரூம்மேட்டிடம் திரும்பி வருவோம். காய்ச்சல் விட்டதும் 'சரியாகிவிட்டது' என்று அவர் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் அந்த நான்காம் நாள் காலைதான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். அவர் எடுத்த டெஸ்ட் இரண்டாம் நாளைப் பற்றி மட்டும் பேசியது. கதவைத் தட்டி, எப்படி இருக்கிறீர்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா, வயிறு வலிக்கிறதா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் அன்றைக்கே மறுபடியும் ரத்தம் கொடுக்க அழைத்துப் போங்கள்.